நான்காம் மாடியில் நட்ட பாசி

எனக்குப் பொறாமை அறுபத்தெட்டாவது வயதில்தான் வந்தது. அதற்கு முன் நேரம் கிடைக்கவில்லை. நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்தாறு வருடம் மற்றவர்களின் காணிகளுக்கு எல்லைக்கோடு கீறிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்று, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில், ஐந்து மாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் சும்மா குந்தியிருந்தபோது, வீட்டில் உப்புத்தண்ணீர் மீன் தொட்டி ஒன்று வைக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. அதே யோசனை அதே மாதம் நான்காம் மாடி நிலாமுக்கும் வந்தது. யாருக்கு முதலில் வந்தது என்பதில் இன்றுவரை எங்களுக்குள் வழக்கு உண்டு. எனக்குத்தான் முதலில் வந்தது.

நிலாமுக்குப் புறக்கோட்டையில் புடவைக்கடை. அவர் என்னை 'அண்ணன்' என்பார், நான் அவரை 'நானா' என்பேன். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான். மூத்தவனாக இருந்து விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனமில்லை என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

அவர் முறைப்படி செய்தார். வடிகட்டிய தண்ணீரில் இறக்குமதி உப்பைக் கரைத்து, கருவியால் அளந்து, ஒரு மாதம் மீன் விடாமல் பொறுத்திருந்தார். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. கடல் வாசலில் கிடக்கும்போது உப்பைக் காசுக்கு வாங்குவதா? இரண்டு பிளாஸ்டிக் கான்களைத் தூக்கிக்கொண்டு ரயில் பாதையைக் கடந்தேன். பாறை இல்லாத, கால் நனைக்க வசதியான இடமாகப் பார்த்து, கால்வாய் கடலில் விழும் வாய்க்குப் பக்கத்தில் அள்ளிவந்து ஊற்றினேன். முருகனுக்கு அபிஷேகம் செய்வதுபோல அவ்வளவு பக்தியாக ஊற்றினேன்.

மூன்றாம் கிழமை பாசி வந்தது.

முதலில் கற்களின்மேல் இளம்பச்சை நிறத்தில் பூனை மயிர்போல ஒரு படலம். "வடிவாயிருக்கு" என்றாள் என் மனைவி சிவமணி. ஒரு மாதத்தில் அது வடிவைத் தாண்டிவிட்டது. கல்லுக்குக் கல் பச்சைத் தலைமுடி. நீரோட்டத்தில் அது ஆடும்போது, தொட்டிக்குள் பதினைந்து பெண்கள் தலைமுழுகிவிட்டு மயிர் உலர்த்துவதுபோல இருக்கும். என் இரண்டு கோமாளி மீன்களும் அதற்குள் போனால் வெளியே வர வழி தெரியாமல் அரைமணி நேரம் அலையும். ஒருநாள் ஒன்று தாடியோடு வந்தது. சத்தியமாக.

விட்டேனா? பல்துலக்கும் பிரஷ்ஷால் கல்லைத் தேய்த்தேன். அது அறுந்து, நூறு துண்டாகி, நூறு இடத்தில் குடியேறியது. விளக்கை மூன்று நாள் அணைத்து, தொட்டியைப் போர்வையால் மூடினேன். நாலாம் நாள் போர்வையை எடுத்தால் பாசி மட்டும் நன்றாகத் தூங்கி எழும்பிய முகத்தோடு நின்றது. கடைசியில் கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறி, மீன் கடை பீற்றரிடம் போனேன். பீற்றர் உப்புத்தண்ணீர் மீனில் ஊறிய மனிதர்; பேசும்போதும் மீன்போல வாயை வட்டமாகத்தான் திறப்பார்.

"சேர், தண்ணி எங்க அள்றீங்க?"

"எங்கட கடல்லதான். கால்வாய் வாயடியில."

பீற்றர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ சேர்! வெள்ளவத்தையில உள்ள அத்தன வீட்டுக் குசினித் தண்ணியும் அதுலதானே வருது. சோறு வடிச்ச கஞ்சி, சோப்பு எல்லாம். நீங்க பாசிக்கு மூணு நேரமும் புரியாணி போட்டிருக்கீங்க சேர்!"

இருபது நத்தைகள் தந்தார். பாசி தின்னும் நத்தைகளாம். கடல் தண்ணீரை நிறுத்தச் சொன்னார், மீனுக்குத் தீனியைக் குறைக்கச் சொன்னார், விளக்கை ஆறு மணி நேரத்துக்கு மேல் எரிக்கவேண்டாம் என்றார். "கையால புடுங்கிக்கிட்டே இருங்க. அது பிடிவாதம் புடிச்ச சாதி. நீங்க அதவிடப் பிடிவாதமா நிக்கணும்."

பிடிவாதத்துக்கு என்னிடம் குறைவில்லை. ஆனால் நத்தைகள் இருபதும் கண்ணாடியின் மேல்மூலையில் ஏறி ஒட்டிக்கொண்டு, ஓய்வூதியம் எடுத்தவர்கள் போல உறங்கத் தொடங்கின. ஏழு மாதம் போராடினேன். பாசி ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

இவ்வளவும் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது ஒன்று நடந்தது. தொட்டி வைத்த நாள்முதல் பின்னேரம் ஐந்து மணிக்குச் சிவமணி தேநீரோடு வந்து தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்காருவாள். மகள் மெல்பேர்னுக்குப் போன பிறகு எங்கள் இருவருக்கும் நாளில் மிச்சமிருந்த நல்ல நேரம் அது. இந்த மீன் என்ன செய்கிறது, அந்த மீன் ஏன் முறைக்கிறது என்று கதைத்துக்கொண்டிருப்போம். பாசி வந்த பிறகு நான் கதைப்பதை விட்டுவிட்டு, சட்டைக் கையை மடித்துப் பாசி பிடுங்கிக்கொண்டும் அதைத் திட்டிக்கொண்டும் இருந்தேன். ஒருநாள் ஐந்து மணிக்குச் சிவமணி கதிரையில் இல்லை, செருப்போடு வாசலில் நின்றாள்.

"எங்கயப்பா போறீர்?"

"பஹ்மியா வரச்சொன்னவ. அவையின்ர டாங்குக்குப் புது மீன் ஒண்டு வந்திருக்காம்."

பஹ்மியா நிலாமின் மனைவி. சிவமணி போனாள், அடுத்த நாளும் போனாள். பிறகு கேட்கவே வேண்டியிருக்கவில்லை. நாலு ஐம்பதுக்கு முகம் கழுவுவாள், நாலு ஐம்பத்தைந்துக்குச் செருப்பு மாட்டுவாள். கொழும்பு ரயில்கள் அவளைப் பார்த்து நேரம் பழகலாம்.

ஆறு மணிக்குத் திரும்பி வந்து சொல்வதைக் கேட்கவேண்டும். "தண்ணி எண்டே தெரியாதப்பா, மீன் காத்தில பறக்கிற மாதிரி இருக்கு. ஒரு பொட்டுப் பாசி இல்லை. நிலாம் நானா என்ன பொறுமையா விளங்கப்படுத்துவார் தெரியுமே?"

பொறுமையாம்! என் நெஞ்சுக்குள் யாரோ மிளகாய் அரைத்தார்கள். அந்த மீனைப் பார்க்காமல் இனித் தூக்கம் வராது என்று, ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போனேன்.

பார்த்திருக்கவே கூடாது. நிலாமின் தொட்டியில் கற்கள் பால்வெள்ளையாக, நேற்றுத்தான் வெட்டியெடுத்ததுபோல இருந்தன. நடுவில் அந்தப் புது மீன். பவுடர் ப்ளூ என்று பெயர். மழை விட்ட வானத்தில் ஒரு துண்டை வெட்டி, மஞ்சள் துணியால் கரை வைத்துத் தைத்ததுபோல ஒரு மீன். சிவமணி அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எங்கள் கலியாண அல்பத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் அப்படி ஒரு பார்வையை நான் கண்டதில்லை.

"உங்கட டாங்க் எப்பிடி அண்ணன்? பாசி கொறஞ்சா?" என்று நிலாம் கேட்டார். சுடச்சுடப் பொரித்த பெற்றிஸ் ஒன்றையும் என் பக்கம் தள்ளினார். அந்தப் பெற்றிஸுக்குள் இறைச்சியைவிட இரக்கம்தான் கூட இருந்தது.

"கிட்டத்தட்ட முடிஞ்சுது, நானா" என்றேன். அன்று காலைதான் ஒரு வாளி நிறையப் பிடுங்கியிருந்தேன்.

அன்று இறங்கி வரும்போதே முடிவெடுத்துவிட்டேன். என் தொட்டியைச் சுத்தமாக்க முடியாது. அவருடையதை அழுக்காக்கலாம் அல்லவா?

அடுத்த சனிக்கிழமை என் தொட்டியிலேயே செழிப்பான கல்லாக, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் ஒன்றைத் தெரிந்தெடுத்தேன். பாசி அதில் ஒரு குட்டிக் காடு. ஈரத்துணியில் சுற்றிக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேலே போனேன். தொடையெல்லாம் ஈரம். சிவமணி அதைப் பார்த்துவிட்டுப் படியேறினாள். இந்த வயதில் அதைப் பற்றி மனைவிமார் கேட்பதில்லை.

அன்று பேச்சு நீண்டு பொழுதும் பட்டது; மஹ்ரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. நிலாமும் பஹ்மியாவும் உள்ளே போனார்கள். சிவமணி கடலைப் பார்க்கப் பல்கனிக்குப் போனாள். ஹோலில் நானும் தொட்டியும் மட்டும். மனிதர்கள் தொழுதுகொண்டிருக்கும் நேரத்தில் இதைச் செய்தவனுக்கு இரண்டு சமயத்து நரகத்திலும் தனித்தனியே இடம் போட்டு வைத்திருப்பார்கள். நான் இடத்தையும் வலத்தையும் பார்த்தேன், இன்னொரு முறை பார்த்தேன், கல்லைப் பின்பக்கத்து இடுக்கில் இறக்கினேன். முழங்கைவரை நனைந்த சட்டையோடு வந்து உட்கார்ந்து, இன்னொரு பெற்றிஸ் எடுத்தேன்.

ஒரு மாதத்தில் அந்தப் பால்வெள்ளைக் கற்களுக்கெல்லாம் மயிர் முளைக்கும் என்று கணக்குப் போட்டு, இரண்டு நாள் விசிலடித்துக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குக் கதவில் தட்டு. நிலாம். சாரத்தோடு, தலை சீவாமல், கையில் தொலைபேசி.

"அண்ணன், இது நீங்கதானே?"

டோஹாவில் இருக்கும் அவருடைய மகன், தொட்டிக்கு மேலே சின்னதாக ஒரு கமரா பூட்டியிருந்தானாம். அங்கிருந்தே மீனைப் பார்ப்பானாம். திரையில் என் மொட்டைத்தலை பளபளத்தது. அந்தத் தலை இடப்பக்கம் திரும்பியது, வலப்பக்கம் திரும்பியது. பிறகு காற்சட்டைப் பைக்குள்ளிருந்து சொட்டச் சொட்ட ஒன்று வெளியே வந்தது. திருட்டுக்கு வகுப்பெடுப்பவர்கள் இதை முதற்பாடமாகக் காட்டலாம்.

பின்னால் குசினி வாசலில் சிவமணி வந்து நிற்பது தெரிந்தது.

நிலாம் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "எப்பிடி அண்ணன் கண்டுபுடிச்சீங்க? நான் ஒருத்தருக்கும் செல்லல்ல. அந்த மீன் வந்து ரெண்டு கிழமையா ஒண்டுமே திங்கல்ல. காஞ்ச பாசித் தாள், இறால், என்னத்தப் போட்டாலும் துப்பிடும். பீற்றரும் கைய விரிச்சிட்டான். டாங்க் கூட சுத்தமாம், கடிச்சுத் திங்க ஒரு பச்சக் கல்லுக்கூட இல்லயாம். மௌத்தாப் போவும் எண்டே நெனச்சன். நீங்க வெச்ச கல்ல அண்டு ராவே கண்டு, மொட்ட அடிச்ச மாதிரித் திண்டிச்சி!"

நான் கொஞ்சம் இருமினேன். பிறகு, கடவுள் மன்னிக்கட்டும், வாயைத் திறந்தேன். "ஓம் நானா. வயிறு ஒட்டிப் போய்க் கிடந்ததைப் பார்த்தனான். உங்களுக்குச் சொன்னா மனம் நோகுமெண்டுதான் சத்தமில்லாமல்..."

"இன்னம் ஈக்கா அண்ணன்?"

"பாசியோ? வேணுமெண்டால் காலிமுகத் திடலுக்கே விரிக்கிற அளவுக்கு இருக்கு."

சிவமணி தேநீர் போடப் போனாள்.

அதற்குப் பிறகு வந்த ஐந்து கிழமைகளும் என் பொற்காலம். ஐந்து மணித் தேநீர் இரண்டாம் மாடிக்கு இறங்கி வந்தது! நிலாமும் பஹ்மியாவும் கிண்ணத்தோடு வருவார்கள். சிவமணி தன் பழைய கதிரையில். நான் சட்டைக் கையை மடித்து, பாசி பிடுங்கிக் கிண்ணத்தில் வைப்பேன்.

"மாஷா அல்லாஹ், எப்பிடி அக்கா இவ்வளவு செழிப்பா வளக்கிறீங்க?" என்று பஹ்மியா கேட்பார்.

"அதெல்லாம் இவரின்ர கைராசி" என்று சிவமணி என்னைப் பார்க்காமலே சொல்வாள்.

காலையில் நிலாம் கடைக்குப் போன பிறகு, பத்து மணிப் பங்கை நானே மேலே கொண்டுபோய்த் தண்ணீருக்குள் கையால் பிடித்துக் கொடுப்பேன். முதலில் அந்த மீன் ஒளிந்துகொண்டு பார்த்தது. பிறகு என் விரலிலிருந்தே இழுத்துத் தின்னத் தொடங்கியது. வயிறு திரண்டு, நிறம் ஏறி, ராசகுமாரன்போல ஆகிவிட்டது.

பொற்காலத்துக்கு வந்த கேட்டை நான் கவனிக்கவில்லை. நாளுக்கு இரண்டு தடவை பிடுங்கினால் எந்தத் தலையும் வழுக்கையாகத்தான் ஆகும். கால்வாய்த் தண்ணீரையும் நிறுத்தியிருந்தேன். இந்த நேரம் பார்த்து, ஏழு மாதம் உறங்கிய நத்தைகள் இருபதும் ஒன்றாக விழித்துப் பந்திக்கு வந்துவிட்டன. ஒரு செவ்வாய்க்கிழமை பார்க்கிறேன், என் தொட்டியில் கல் தெரிகிறது!

ஏழு மாதம் இந்தக் காட்சிக்காகத் தவம் கிடந்தவன், அதைக் கண்டு நடுங்கினேன். பாசி முடிந்தால் தேநீர் மேலே போய்விடும். தேநீர் போனால் சிவமணி போய்விடுவாள்.

விளக்கைப் பதினாலு மணி நேரம் எரித்தேன். நத்தைகளைப் பிடுங்கி வாளியில் சிறை வைத்தேன். கான்களைத் தூக்கிக்கொண்டு ரயில் பாதையைக் கடந்து, அதே கால்வாய் வாயில், வேண்டுமென்றே நல்ல கலங்கலான இடமாகப் பார்த்து அள்ளிவந்து ஊற்றினேன். 'வாடி ராசாத்தி, வா' என்று கண்ணாடியைத் தட்டிக் கெஞ்சினேன். போ போ என்று விரட்டியபோது போகாத பாசி, வா வா என்றபோது வரவில்லை. எனக்குத் தெரிந்து இவ்வளவு வன்மம் உள்ள தாவரம் இன்னொன்று இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை நிலாம் வெறுங்கையோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "இனி உங்களுக்குக் கஷ்டம் தர மாட்டேன் அண்ணன். நேத்துலேந்து காஞ்ச பாசித் தாளே திங்குது! நாளைக்கு எல்லாரும் மேல வாங்க, பாருங்க."

நாளைக்கு மேலே. அவ்வளவுதான். என் ராச்சியம் ஐந்து கிழமையில் கவிழ்ந்தது.

மறுநாள் பின்னேரம் சிவமணி நாலு ஐம்பதுக்கு முகம் கழுவினாள். நானும் பின்னால் ஏறினேன். மேலே நிலாம் கையில் பாசித் தாளோடு தயாராக நின்றார். ஒரு கலியாண வீட்டுத் தகப்பனின் நிமிர்வு. நாங்கள் உட்கார்ந்தோம். அவர் தாளைத் தண்ணீருக்குள் பிடித்து, "வா மகன், வா" என்று கூப்பிட்டார்.

மீன் வரவில்லை. அது கண்ணாடியின் மறுபக்கத்தில் நின்றது. என் முகத்துக்கு நேரே.

நான் எழும்பி இடப்பக்கம் நகர்ந்தேன், மீனும் இடப்பக்கம் வந்தது. வலப்பக்கம் போனேன், அதுவும் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. ஒற்றை விரலைக் கண்ணாடியில் வைத்தேன். அந்த விரல்நுனிக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

"அல்லாஹ்! அண்ணனத் தெரியுதே அதுக்கு!" என்று பஹ்மியா கைதட்டினார்.

"இவரைக் கண்டால்தான் வரும்போல" என்றாள் சிவமணி. அந்தக் குரலில் கொஞ்சம், ஒரு தேக்கரண்டி அளவு, பெருமை இருந்தது. நான் பொய் சொல்லவில்லை, அளந்து பார்த்தேன்.

நிலாமைப் பார்த்தேன். ஐயோ, அந்த முகம்! கையில் தாள் கரைந்து வழிகிறது, மனிதர் கவனிக்கவில்லை. அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும், அந்தக் கல்லைப் போடும்வரை முகக்கண்ணாடியில் நான் பார்த்த பார்வை. எந்தக் கலியாணச் சோறும் எனக்கு அவ்வளவு ருசித்ததில்லை.

அவர் மெல்லக் கேட்டார். "அண்ணன், கேக்கிறன் எண்டு நெனக்க வாணாம். அண்டைக்கு அந்தக் கல்லப் போட்டது, மீனுக்குத் திங்கத்தானா?"

மீன்கூட வாயை மூடியதுபோல இருந்தது. நான் சிவமணியைப் பார்த்தேன். அவள் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தாள். ஒரு பெரிய பொய்யை எடுத்து வாய்வரை கொண்டுவந்தேன். ஆனால் அந்த மனிதர் என் கையைப் பிடித்துக் கண் கலங்கி நின்றது நினைவுக்கு வந்தது.

"இல்லை நானா" என்றேன். "உங்கட டாங்கைப் பழுதாக்கத்தான் போட்டனான். பொறாமை."

பஹ்மியா விழுந்து விழுந்து சிரித்தார். நிலாமுக்கும் சிரிப்பு வந்து, தாளைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டு என் முதுகில் ஈரக்கையால் அடித்தார். "உங்களுக்கு எப்ப பாத்தாலும் பகிடிதான் அண்ணன்! மன்னிச்சிடுங்க, நான்தான் ஒரு மாதிரிக் கேட்டுட்டன்."

வாழ்க்கையில் நான் சோடிக்காமல் சொன்ன ஒரே உண்மை. நம்ப ஒருவர் இல்லை.

சிவமணி மட்டும் சிரிக்கவில்லை. இறங்கும்போது மூன்றாம் மாடிப் படித் திருப்பத்தில் நின்றாள்.

"எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றாள். "பல்கனியில கடலையே பார்த்துக்கொண்டு நிண்டனான் எண்டோ நினைச்சனீங்கள்? கதவுக் கண்ணாடியில உங்களை வடிவாக் கண்டனான்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"ஏன் செய்தனீங்கள், அதைச் சொல்லுங்கோ முதல்ல."

நான் கைப்பிடிச் சுவரைப் பார்த்தேன். "நீர் ஒவ்வொரு நாளும் அங்க போறீர் எண்டு."

அவளுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. சின்னச் சிரிப்பில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். ஐந்து மாடிக்கும் கேட்டிருக்கும், ரயில் பாதைக்கு அப்பாலும் கேட்டிருக்கும்.

"கலியாணம் கட்டி முப்பத்தெட்டு வருஷம்" என்றாள் மூச்சு வாங்கி. "ஒரு கோடு கோணலாக் கீறமாட்டியள். எனக்காக ஒரே ஒரு களவு வேலை செய்திருக்கிறியள். அதைப் போய் நான் காட்டிக் குடுக்கிறதே?"

எனக்குக் காது சூடானது.

"மேல போறதை விடமாட்டன்" என்று தொடர்ந்தாள். "பஹ்மியா நல்ல பிள்ளை. ஒருநாள் மேல இருப்பம், ஒருநாள் கீழ இருப்பம். அவையளும் வரட்டும். ஆனால் கீழ இருக்கிற நாளில நீங்கள் டாங்குக்குள்ள கையை விடக்கூடாது. என்னோட இருந்து கதைக்கவேணும்."

"ஓம்" என்றேன். உடனேயே, யோசிக்காமல், ஓம் என்றேன்.

அவள் படியிறங்கத் தொடங்கினாள். நான் அங்கேயே நின்றேன். ஒருநாள் மேலே, ஒருநாள் கீழே. கிழமைக்கு ஏழு நாள். அப்படியென்றால் ஒருவருக்கு நாலு நாள் வரும், மற்றவருக்கு மூன்று.

"இஞ்சேரும்!" என்று படிகளில் ஓடினேன். "நாளைக்குக் கீழதானே தொடங்கிறம்?"